மனம் எத்தனை மணிக்குக் கலைகிறது?

நாள் முழுவதும் யாருக்கும் நிம்மதி கெடுவதில்லை. நாலைந்து இடத்தில்தான் கெடுகிறது. மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்று நின்று வரும் அந்த மூன்று நிமிடம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் திறக்காமல் கிடக்கும் பிள்ளையின் புத்தகப்பை. படுக்கப்போகும் நேரத்தில் தமிழ்நாட்டு ஊரிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வரும் அழைப்பு. இவை தினமும் ஏறக்குறைய ஒரே மணிக்கு வருகின்றன. எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்த தொல்லைக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ள முடியும். தியானம் பழகிய பிறகும் வீட்டில் கத்திக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

முதலில் ஒரு வாரக் கணக்கு எடுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று பத்தி போடுங்கள்: மணி, இடம், உடம்பு. மனம் கலைந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி. "காலை 7.40, மின்தூக்கி வாசல், தாடை இறுக்கம்." "மாலை 6.50, சமையலறை, நெஞ்சு படபடப்பு." அவ்வளவுதான். நான்காவதாகக் "காரணம்" என்று ஒரு பத்தி போடாதீர்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். காரணம் எழுதத் தொடங்கினால் அது மாமியார் மேலும் மேலாளர் மேலும் எழுதும் புகார்ப் புத்தகமாகிவிடும். எழுதும்போதே ஆறிய கோபம் மறுபடி சூடேறும். அட்ரினலின் இரத்தத்தில் தங்குவது சில நிமிடங்கள்தான். கோபம் மாலைவரை நிற்பதற்குக் காரணம், நடந்ததை நாமே மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது.

ஏழு நாளில் தாளைப் பார்த்தால் மூன்று அல்லது நான்கு மணிகள் மீண்டும் மீண்டும் வந்திருக்கும். அவற்றில் மிகச் சிறியதை முதலில் எடுங்கள். மாமியார் மருமகள் பிணக்கை முதல் வாரமே தீர்க்கப்போனால் இரண்டாம் வாரம் தாளையே தூக்கிப் போட்டுவிடுவீர்கள். மின்தூக்கியில் தொடங்குங்கள்.

உடம்புப் பத்தியையும் ஒரு முறை ஓடிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் முதலில் இறுகும். சிலருக்குத் தாடை, சிலருக்குத் தோள், சிலருக்கு அடிவயிறு. எண்ணம் கோபமாகத் திரள்வதற்குக் கொஞ்சம் முன்பே அந்த இடம் இறுகிவிடும். அந்த இடத்தைத் தெரிந்துகொண்டவருக்குச் சொல் வாயிலிருந்து வருமுன் ஒரு நொடி கிடைக்கிறது.

மூச்சு

இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் அளவு சொல்பவர்கள் குறைவு. அளவு இதுதான்: மூக்கு வழியாக 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு நொடி. ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். ஆக இது பாதி அல்லது அதற்கும் குறைவு. மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணியும், உள்ளே வரும்போது சற்று ஏறும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதனால்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படட்டும். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வையுங்கள். உள்மூச்சில் அந்தக் கை முன்னால் வரவேண்டும், தோள் மேலே ஏறக்கூடாது. ஐந்து நிமிடம், அதாவது 30 மூச்சு. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. சாப்பிட்ட உடனே வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசை இறங்க இடம் இருக்காது, மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும்.

தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று முதல் நாளே விட்டுவிடுபவர்கள் பலர். தேவைக்கு மேல் காற்றை இழுத்ததால் வந்த கோளாறு அது. அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும். தீர்வு சுலபம்: நீளத்தை மாற்றாமல் அளவைக் குறையுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மெல்லிய மூச்சு போதும். 4, 6 மூச்சுமுட்டினால் 3, 5 என்று தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யவேண்டாம். இங்கே சொன்ன முறையில் அடக்குதல் கிடையாது.

எண்ணுவது பிடிக்காதவர்கள் பிரார்த்தனையையே அளவாக வைத்துக்கொள்ளலாம். 2001-ல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜெபமாலையின் மரியே வாழ்க ஜெபத்தை இலத்தீனில் சொன்னபோதும், "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6-க்கு வந்து நின்றது. எந்த மதத்துக்காரராக இருந்தாலும் பாட்டி சொல்லித்தந்த நாமத்தை அவசரமில்லாமல் ஒரே வெளிமூச்சில் சொல்லிப் பாருங்கள். இழுத்துச் சொல்லவேண்டும். கடகடவென்று 108 முடிப்பதில் இந்தப் பலன் கிடைக்காது.

இன்னொன்று. கோபம் வந்தபின்தான் மூச்சைத் தேடுவேன் என்றால் அது கைகொடுக்காது. நல்ல மனநிலையில் இரண்டு வாரம் பழகியிருந்தால்தான் கெட்ட நேரத்தில் உடம்புக்கு அந்த வழி தெரியும்.

பழகியபின் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம். இரண்டு நிலையத்துக்கு நடுவே ஏறக்குறைய 2 நிமிடம், அதாவது 12 மூச்சு. கண்ணை மூடவேண்டாம். எடையை இரண்டு காலிலும் சமமாக வைத்து, கைப்பிடியைப் பிடித்த விரல்களைப் பாதி தளர்த்துங்கள். தோளும் தானே இறங்கும். நெரிசல்தான் உங்கள் தாளில் முதலிடம் என்றால் மூச்சைவிட நல்ல வழி ஒன்று உண்டு: வேலைநாளில் காலை 7.45-க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைவது. கட்டணத்திலும் 50 காசு வரை குறையும். அதற்கு முந்தைய இரவு 10 நிமிடம் வேண்டும். சீருடை, தண்ணீர்ப் போத்தல், காலணி, வீட்டுச் சாவி, பயண அட்டை எல்லாம் வாசலருகே ஒரே தட்டில். காலையில் தேடுவதுதான் பாதிக் கோபம்.

மேல்வீட்டுச் சத்தம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் தாளில் இது இல்லாமல் இருக்காது. இரண்டு வகை சத்தத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது புதுப்பிப்பு வேலை. சுவர் உடைப்பது, துளையிடுவது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வீவக அனுமதிப்பது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பில் தேதி இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அந்த நாள்களின் பகல் தூக்கத்தைச் சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் அன்றைக்கு நூலகம் போகலாம். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைப் போல உடம்பைத் தூக்கிப் போடாது.

இரண்டாவது நாற்காலி இழுப்பது, பிள்ளைகள் ஓடுவது, இரவில் கோலிக்குண்டு உருள்வதுபோல் கேட்பது. துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டாதீர்கள். சத்தம் கான்கிரீட் வழியாகவே பயணம் செய்யும். நேர்மேலே கேட்பது பக்கத்து வரிசையிலிருந்தோ இரண்டு மாடி மேலிருந்தோ வரலாம். தட்டினால் குற்றமே செய்யாத குடும்பத்தோடு பகை வளரும். மூன்று நாள் நேரத்தைக் குறியுங்கள். பிறகு சத்தம் இல்லாத ஒரு வேளையில், சனிக்கிழமை காலை 11 மணிபோல, ஒருவர் மட்டும் மேலே போங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போனால் படையெடுப்பு மாதிரித் தோன்றும். நாற்காலிக் காலில் ஒட்டும் கம்பளித் துண்டுகள் ஒரு பொட்டலம் சில வெள்ளிக்குள் கிடைக்கும். அதைக் கையில் கொண்டுபோகலாம்.

சொல்லும் சொல்லும் முக்கியம். "நீங்கள் ஏன் சத்தம் போடுகிறீர்கள்" என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். "ஆன்ட்டி, நான் கீழ்வீடு. ராத்திரி 11 மணிக்கு மேல நாற்காலி இழுக்குற மாதிரி சத்தம் கேக்குது. உங்க வீட்டுலருந்துதானான்னு எனக்கு நிச்சயமா தெரியல. கொஞ்சம் பாக்க முடியுமா?" என்று கேட்டால் அவர்களுக்கு மரியாதையாக ஒத்துக்கொள்ள ஒரு வழி இருக்கும். இரண்டு முறை பேசியும் மாறவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. 1998 முதல் நடக்கிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். யார் சரி என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. அண்டை வீட்டாரோடு இன்னும் பல ஆண்டு மின்தூக்கியில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கு இந்த வழி ஏற்றது என்று நினைக்கிறேன்.

அதுவரை தூங்கவேண்டுமே. நுரைக் காதடைப்பானைப் பலர் அப்படியே திணித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். மெல்லிய திரிபோல உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து நிற்கும்வரை 20 முதல் 30 நொடி விரலால் பிடிக்கவேண்டும். அப்படியும் தரை வழியே வரும் தாழ்ந்த அதிர்வை அது முழுதும் தடுக்காது. மின்விசிறியின் சீரான இரைச்சல் அதை ஓரளவு மூடும்.

ஊரிலிருந்து வரும் அழைப்பு

தமிழ்நாட்டைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்து ஆற அமர 8 மணிக்கு அழைக்கிறார்கள். இங்கே 10.30. பாயை விரிக்கும் நேரம். வயல் வரப்புச் சண்டை, தங்கை வீட்டில் சீர் பிரச்சினை, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிய செய்தி எல்லாம் அந்த மணிக்குத்தான் காதில் விழுகிறது. கேட்டவரால் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாது, தூங்கவும் முடியாது. விடுதியில் தங்கியிருக்கும் தம்பிமாருக்கு இன்னும் கடினம். காலை 5 மணிக்கு எழுந்து லாரி ஏறவேண்டும். மேல்கட்டிலில் ஒருவர், கீழ்க்கட்டிலில் ஒருவர், குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும். தூக்கம் குறைந்து மறுநாள் சாரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. இந்த ஒரு மணியைச் சரிசெய்தால்கூட வாரத்தில் பாதி நிம்மதி திரும்பும்.

அதனால் மணியை மாற்றுங்கள். செய்தி பேச இங்கே இரவு 8, ஊரில் மாலை 5.30. அது முடியாதவர்கள் ஞாயிறு காலையை வைத்துக்கொள்ளலாம். இரவு அழைப்பு குரல் கேட்க மட்டும். இதை வீட்டில் கோபமில்லாத ஒரு நாளில் சொல்லி வைக்கவேண்டும். "அம்மா, ராத்திரி நீங்க கவலையா பேசுனா எனக்கு விடிய விடிய தூக்கம் வரல. பணம் காசு விஷயம் எல்லாம் சாயங்காலமே சொல்லிருங்க." எந்தத் தாயும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்படியும் வந்துவிட்டால் முதலில் ஒரே கேள்வி: இன்றிரவே முடிவு வேண்டுமா? மருத்துவமனை என்றால் ஆம். மற்றவை பெரும்பாலும் இல்லை. "அண்ணே, இப்பவே ஒரு பதில் சொல்லுங்க" என்று தங்கை அழுதால், "கேட்டுக்கிட்டேன் பாப்பா. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்புடுறேன்" என்று மணியோடு சொல்லுங்கள். மணி சொல்லாமல் "பாக்கலாம்" என்றால் அவர் அரை மணியில் மறுபடி அழைப்பார். சொன்ன மணிக்குக் கட்டாயம் அழையுங்கள். ஒரு முறை தவறினால் அடுத்த முறை யாரும் காத்திருக்க மாட்டார்கள். இரவில் கேட்ட பணத்துக்கு இரவிலேயே சரி சொல்லாதீர்கள்.

பணக் கவலைக்குத் தனியாக ஒரு மணி ஒதுக்குங்கள். சனிக்கிழமை காலை 10 மணி, 30 நிமிடம், மேசையில் எல்லா ரசீதும். இரவு 2 மணிக்குக் கணக்கு மனத்தில் ஓடினால் தலைமாட்டுத் தாளில் ஒரு வரி, "அட்டைக் கடன், சனி 10 மணி" என்று எழுதிவிட்டுப் படுங்கள். எழுதாமல் "நினைக்காதே" என்று மனத்துக்குச் சொன்னால் கேட்காது. கடன் அட்டை பாக்கிக்கு இங்கே ஆண்டு வட்டி 25 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் கடன் கரைவதே கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் போய்விட்டால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு வங்கிகளோடு பேசித் தவணை அமைக்க உதவும். வட்டிக்கடைக்காரரிடம் போவதற்குமுன் அங்கே போங்கள்.

படுத்து ஏறக்குறைய 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து கூடத்தில் மங்கலான விளக்கில் உட்காருங்கள். கைப்பேசி வேண்டாம். கண் சொக்கும்போது திரும்புங்கள். படுக்கையிலேயே புரண்டால் படுக்கை கவலைப்படும் இடமாக உடம்புக்குப் பழகிவிடும். தசைத் தளர்ச்சியும் உதவும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் உருவாக்கிய முறை அது. கால் விரலில் தொடங்கி மேலே வாருங்கள்: கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். ஒவ்வொன்றையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, 20 நொடி தளரவிடுங்கள். முழு பலத்தோடு இறுக்காதீர்கள், முக்கால் பலம் போதும். நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் கெண்டைக்காலை அழுத்தி இறுக்கினால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அவர்கள் கால் நுனியை நீட்டாமல் தங்கள் பக்கம் மடக்கவேண்டும்.

கோப்பிக்கடை

மாலை 4 மணிக்கு ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிப்பவர்கள் இரவு 11 மணிக்குத் தங்கள் மனத்தைக் குறை சொல்கிறார்கள். கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9-க்கும் உள்ளே இருக்கிறது. கடைசிக் கோப்பையை மதியம் 1 மணியோடு நிறுத்திப் பாருங்கள். தே ஹாலியா இஞ்சிதானே என்று நினைக்கவேண்டாம், அதிலும் தேயிலை உண்டு. மாலைக்குப் பார்லித் தண்ணீர் நல்லது, சீனி குறைத்து. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் மறுநாளே தலைவலியும் எரிச்சலும் வரும், சில நாள் நீடிக்கும். நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவர் வாரத்துக்கு அரைக் கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் தாங்கும்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளிடம் முதல் 20 நிமிடம் படிப்புப் பேச்சே எடுக்காதீர்கள். பசியோடும் ரயில் களைப்போடும் திறக்கும் கணக்குப் புத்தகம் அழுகையில்தான் முடியும். முதலில் நீங்கள் ஏதாவது சாப்பிடுங்கள். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை வீட்டில் நாம் நிரப்பவேண்டியதில்லை. வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை ஒலியில்லாமல் வைத்து, இரவு 8 மணிக்கு ஒரே முறை பாருங்கள். அவசரம் என்றால் பள்ளியே அழைக்கும்.

நடப்பதற்கு இங்கே நல்ல வசதி உண்டு. 1982-ல் கடிகாரத்தை முன்னால் தள்ளியதிலிருந்து ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் மறைகிறது. 6.30-க்குமேல் வெயில் சுடாது, வெளிச்சமும் இருக்கும். புளோக் கீழிருந்து பூங்கா இணைப்புப் பாதையில் 20 நிமிடம் போதும். மரநிழலில் தனியாக உட்கார விரும்புபவர்களுக்குப் பூமலை என்னும் தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறக்கிறது.

இவ்வளவும் அன்றாடத் தொல்லைகளுக்குத்தான். இரண்டு வாரத்துக்குமேல் தொடர்ந்து விடியற்காலையில் விழிப்பு, சாப்பாடு இறங்காமை, பிடித்த எதிலும் விருப்பமில்லாமை, காரணமில்லாத அழுகை இருந்தால் மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். பேசவேண்டும்போல் இருந்தால் தேசிய மனநல உதவி எண் 1771, எந்த நேரமும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, அதுவும் 24 மணி நேரம். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் "சும்மா பேசுகிறார்" என்று விட்டுவிடாமல் அருகிலேயே இருங்கள், நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்கள்.

மருந்தகம் போகும்போது அந்த ஏழு நாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் பலருக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், "ஒன்றுமில்லை, கொஞ்சம் தூக்கம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தாளை எடுத்து மேசையில் வையுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை நாளாக, உடம்பில் எங்கே என்று மருத்துவர் கேட்கப்போவது எல்லாம் அதில் இருக்கும்.